பகலில் பளிச், இரவில் இருட்டு: சாலைப் பலகைகள் ஏன் கண்ணில் படுவதில்லை?

கல்யாண வீட்டில் பந்தி முடிந்து கிளம்பும்போது இரவு பத்தரை. திருமயம் தாண்டிக் காரைக்குடிப் பக்கம் வந்துகொண்டிருந்தோம். பின் சீட்டில் ஆச்சி அரைத்தூக்கம். வண்டி ஓட்டியவர் இந்தச் சாலையிலேயே வளர்ந்த தம்பி. அப்படியும் திரும்ப வேண்டிய விலக்கைத் தாண்டி இரண்டு கிலோமீட்டர் போன பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. "போர்டு இருந்திருக்கணுமேண்ணே. ஏதோ கடை விளம்பரம் மாதிரி ஒண்ணு மின்னுச்சு, அவ்வளவுதான்" என்றார். ஆச்சி கண்ணைத் திறக்காமலே, "ரெண்டு பேருக்கும் கண்ணாடி போடணும்" என்றார்கள்.

மறுநாள் காலை அதே வழியாகப் போனேன். பலகை இருந்தது. நீலப் பின்னணி, வெள்ளை எழுத்து, அம்புக்குறி, எல்லாம் போன வாரம் வைத்தது போலப் பளிச்சென்று இருந்தன. குறை சொல்ல ஒன்றுமில்லை.

சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது. சாலைப் பலகை நன்றாக இருக்கிறதா என்று நாம் பகலில் பார்த்துத்தான் முடிவு செய்கிறோம். ஊர்க்காரர்களும் அப்படித்தான், ஆய்வுக்கு வருபவர்களும் அப்படித்தான். பகலில் பலகை வேலை செய்யும் விதம் ஒன்று, இரவில் வேலை செய்யும் விதம் முற்றிலும் வேறு. பகலில் உயிரோடு இருக்கும் பலகை இரவில் செத்துக் கிடக்கலாம். பகலில் கொஞ்சம் சோர்ந்து தெரிவது இரவில் நன்றாகவே எரியலாம்.

"எரியலாம்" என்று சொல்வதே தப்பு. பலகை எரிவதில்லை. நம் ஊரில் இந்த மின்னும் ஸ்டிக்கருக்கு 'ரேடியம்' என்றே பெயர் ஆகிவிட்டது. "வண்டி பின்னாடி ரேடியம் ஒட்டிட்டியா?" என்று கேட்டால் எல்லோருக்கும் புரியும். ரேடியம் கலந்த பூச்சு என்று உண்மையிலேயே ஒன்று இருந்தது. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் கைக்கடிகார முட்களில் பூசினார்கள். இருட்டறையில் தானாக ஒளிர்ந்தது. அதைப் பூசிய தொழிலாளர்கள் பலர் கதிரியக்கத்தால் நோயுற்று இறந்ததும் அந்தக் கதையில் உண்டு. சாலைப் பலகையில் ஒட்டும் தாளில் ரேடியம் துளியும் கிடையாது, சொந்த வெளிச்சமும் கிடையாது. உங்கள் வண்டியின் விளக்கு அனுப்பும் வெளிச்சத்தை உங்களுக்கே திருப்பி அனுப்புவது மட்டும்தான் அதன் வேலை. விளக்கில்லாமல் அதன் அருகே போய் நின்றால் அதுவும் இருட்டோடு இருட்டு.

வெளிச்சத்தைத் திருப்புவதில் மூன்று விதம் உண்டு. மூன்றையும் எங்கள் செட்டிநாட்டுப் பெரிய வீடு ஒன்றிலேயே பார்த்துவிடலாம். சுவரில் மாட்டிய பெல்ஜியம் கண்ணாடிக்கு நேர் எதிரே நின்றால் உங்கள் முகம் தெரியும். சற்றுத் தள்ளி நின்றால் பட்டாலையில் உட்கார்ந்திருப்பவர் தெரிவார். சாய்வாக வந்த வெளிச்சத்தைக் கண்ணாடி மறுபக்கத்துக்குச் சாய்வாக அனுப்பிவிடும். வெளி மதிலில் அடித்த வெள்ளை அப்படியல்ல, வந்த வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும். எங்கிருந்து பார்த்தாலும் தெரியும், ஆனால் யாருக்கும் அதிகமாகக் கிடைக்காது. மூன்றாவது விதம் கொல்லைப்புறத்தில் படுத்திருக்கும் பூனையின் கண். டார்ச் அடித்தால் அடித்தவரைப் பார்த்தே மின்னும், பக்கத்தில் தள்ளி நிற்பவருக்கு அவ்வளவு தெரியாது. அந்த மிருகங்களின் கண்ணுக்குள் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பும் படலம் ஒன்று இருக்கிறது. ஆடு மாடுகளுக்கும் உண்டு. ராத்திரி கண்மாய்க் கரையில் வண்டி ஓட்டியவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மனிதனுக்கு அந்தப் படலம் இல்லை, அதனால்தான் சாலையோரம் நடப்பவரின் கண் மின்னுவதில்லை.

சாலைப் பலகை செய்ய வேண்டியது இந்த மூன்றாவது வேலை. வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்ததோ, அந்தப் பக்கமே திரும்பிப் போக வேண்டும். இதற்கு இரண்டு வழிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

முதல் வழி கண்ணாடி மணிகள். பொடி மணலைப் போன்ற நுண்ணிய கண்ணாடி உருண்டைகள் தாளுக்குள் லட்சக்கணக்கில் பதிந்திருக்கும். உருண்டைக்குள் நுழையும் ஒளி வளைந்து பின்புறத்தில் குவிந்து, அங்குள்ள பளபளப்பான பூச்சில் பட்டு, வந்த வழியே வெளியேறும். 1930களின் கடைசியில் அமெரிக்காவில் வந்த ஸ்காட்ச்லைட் தாள் இந்த வகை. இரண்டாவது வழி மூலைகள். வீட்டு மூலையில் இரண்டு சுவரும் தரையும் சேரும் இடத்தில் ஒரு ரப்பர் பந்தை வேகமாக எறிந்து பாருங்கள். மூன்றிலும் பட்டு ஏறக்குறைய உங்களை நோக்கியே வரும். ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று முகங்கள் சேர்ந்தால், எந்தத் திசையில் வந்த ஒளியும் மூன்று முறை மோதி அதே திசைக்குத் திரும்பும். இந்த மூலைகளை மிகச் சிறியதாக்கித் தாள் முழுக்க அச்சடித்தால் அது பிரிசம் தாள். 1969இல் அப்பல்லோ 11 விண்வெளி வீரர்கள் நிலாவில் வைத்துவிட்டு வந்த பிரதிபலிப்பானும் இதே மூலைக் கணக்குதான். பூமியிலிருந்து லேசர் அடித்தால் இன்றும் திருப்பி அனுப்புகிறது.

சரி, எல்லாத் தாளும் ஒன்றா? இல்லை. இங்கேதான் ஒப்பந்தக்காரர் லாபமும் ஓட்டுநர் உயிரும் ஒரே தாளில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐஆர்சி 67 என்ற விதித்தொகுப்புதான் நம் சாலைக் குறிகளுக்கு அடிப்படை. தாளின் தரத்தை உலகம் முழுக்கப் பயன்படும் அமெரிக்க அளவுகோலான ஏஎஸ்டிஎம் டி4956 வகைப்படுத்துகிறது. அதில் முதல் வகை, சந்தையில் 'இன்ஜினியர் கிரேடு' எனப்படுவது. நேரே அடிக்கும் வெளிச்சத்தில் அதன் வெள்ளை நிறம் குறைந்தது 70 அலகு திருப்ப வேண்டும். மூன்றாம் வகையான 'ஹை இன்டென்சிட்டி' 250. பிரிசம் தாளான நான்காம் வகை 360. பதினோராம் வகை 580. பகலில் இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பழக்கமில்லாத கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. இரவில் எட்டு மடங்கு வித்தியாசம்.

நிறமும் கணக்கில் வரும். அதே முதல் வகையில் மஞ்சளுக்கு 50, சிவப்புக்கு 14, பச்சைக்கு 9, நீலத்துக்கு 4. நீலப் பின்னணி இரவில் ஏறக்குறையக் கறுப்புதான். அதன்மேல் இருக்கும் வெள்ளை எழுத்துதான் எல்லாவற்றையும் சுமக்கிறது. எழுத்து ஒளியைத் திருப்பாவிட்டால் அங்கே பலகையே இல்லாத மாதிரி. கண்மாய்க் கரை வளைவுகளில் வைக்கும் மஞ்சள், கறுப்பு அம்புப் பலகைகளில் நிலைமை தலைகீழ். அங்கே பின்னணிதான் மின்னும், அம்பு என்பது மின்னாமல் விட்ட இடம்.

இன்னொரு நுணுக்கம், லாரி ஓட்டுநர்கள் சொல்லி நாம் நம்பாதது. "மேலே உட்கார்ந்தா போர்டு மங்கலாத்தான்ணே தெரியும்" என்பார்கள். உயரத்திலிருந்து பார்ப்பவருக்கு இன்னும் நன்றாகத்தானே தெரிய வேண்டும் என்று தோன்றும். ஆனால் தாள் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவது விளக்கை நோக்கி, கண்ணை நோக்கி அல்ல. கொஞ்சம் சிதறி விளக்குக்கு மேலே வரும் பகுதிதான் நம் கண்ணில் படுகிறது. காரில் விளக்குக்கும் கண்ணுக்கும் உயர வித்தியாசம் சுமார் 60 சென்டிமீட்டர். 170 மீட்டர் தூரத்தில் இது 0.2 பாகைக் கோணம், 70 மீட்டரில் அரை பாகை. லாரியில் அந்த வித்தியாசம் 1.4 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 160 மீட்டர் தூரத்திலேயே அரை பாகை வந்துவிடுகிறது. முதல் வகைத் தாளில் 0.2 பாகையில் 70 ஆக இருப்பது அரை பாகையில் 30 ஆகச் சரிந்துவிடும், மூன்றாம் வகையில் 250 என்பது 95. எனவே ஒரே பலகை, ஒரே தூரம், கார்க்காரருக்கு ஒரு பலகை, லாரிக்காரருக்கு வேறு பலகை.

பலகையே திரும்பியிருந்தாலும் கதை இதுதான். டிராக்டர் இடித்துச் சாய்ந்த கம்பம், காற்றில் திரும்பிய தகடு எல்லாம் பகலில் படிக்க முடியும், அதனால் யாரும் கவலைப்படுவதில்லை. 30 பாகை திரும்பினால் முதல் வகைத் தாள் பாதிக்கும் கீழே போய்விடும். அதே சமயம் சாலைக்கு மிகச் சரியாகச் செங்குத்தாக வைத்தாலும் பலகையின் வழவழப்பான மேற்பரப்பு கண்ணாடி போல விளக்கைக் கண்ணில் அடித்துக் கூசவைக்கும். அதனால் சுமார் 5 பாகை வெளிப்பக்கம் திருப்பி வைப்பது வழக்கம். கம்பம் நடுபவர் கையில் இருக்கும் வேலை இது. படித்த என்ஜினியர் வரைபடத்தில் எழுதியிருந்தாலும், குழி தோண்டுபவருக்கு யாரும் சொல்லாவிட்டால் நடக்காது.

இனி செட்டிநாட்டுக்கு வருவோம். இங்கே பலகையின் முதல் எதிரி செம்மண். மழை குறைந்த பூமி, கோடை நீளம். சாலை விளிம்பில் தார் முடிந்து செம்மண் தொடங்கும் இடத்தில் ஒவ்வொரு வண்டி ஒதுங்கும்போதும் புழுதி எழும்பிப் பலகையில் படிகிறது. பகலில் அது லேசான காவி நிறம், கண்டுகொள்ளவே தோன்றாது. இரவில் வெளிச்சம் அந்தப் புழுதிப் படலத்தை இரண்டு முறை கடக்க வேண்டும், உள்ளே போகும்போது ஒரு தடவை, வெளியே வரும்போது ஒரு தடவை. பாதி வெளிச்சத்தை மறைக்கும் அழுக்கு என்றால் திரும்பி வருவது பாதி அல்ல, கால்வாசி. இதற்கு மருந்து ஒரு வாளித் தண்ணீரும், கொஞ்சம் சோப்பும், மென்மையான துணியும். தேங்காய் நார் போட்டுத் தேய்க்கக் கூடாது, தின்னர் கூடாது. மேலே கீறல் விழுந்தால் அந்த இடம் போனதுதான்.

இரண்டாவது எதிரி சீமைக்கருவேலம். இந்த முள்மரம் பற்றிச் சிவகங்கைச் சீமையில் யாருக்கும் அறிமுகம் வேண்டாம். வெட்டிய மூன்றாம் மாதம் மறுபடி நிற்கும். கிளை பலகையின் மூலையை மறைத்தால் பகலில் மீதியைப் படித்து ஊகித்துவிடலாம். இரவில் இலைகளும் வெளிச்சத்தைச் சிதறடித்துப் பச்சையாக மின்னும், பின்னால் இருக்கும் பலகை அதில் கரைந்துவிடும். பலகைக்கு முன்னால், வண்டி வரும் திசையில் நல்ல தூரம் வரை வெட்டிவிட வேண்டும். பலகைக்கு நேர் கீழே மட்டும் வெட்டிவிட்டுப் போவதைத்தான் பார்க்கிறேன்.

மூன்றாவது போஸ்டர். கண்ணீர் அஞ்சலி, காதணி விழா, கட்சிப் பொதுக்கூட்டம். ஒட்டியவர் பிறகு கிழித்துவிட்டாலும் பசை போகாது. இதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை, கோபம்தான் வரும்.

பனியைச் சொல்லாமல் விட முடியாது. மார்கழி, தை மாதங்களில் வானம் தெளிவாக இருக்கும் இரவில் மெல்லிய தகடு தன் சூட்டை வேகமாக வானத்துக்கு இழந்து சுற்றுக் காற்றைவிடக் குளிர்ந்துவிடும். அதன் முகத்தில் பொடிப்பொடியாக நீர் கோக்கும். ஒவ்வொரு துளியும் வெளிச்சத்தை வேறு வேறு பக்கம் திருப்பிவிட, நல்ல தாள்கூட விடியற்காலை நான்கு மணிக்குக் கறுத்துப் போகும். கண்மாய் ஓரமாக இருந்தால் இன்னும் மோசம். சங்கடம் என்னவென்றால், தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போகிறவர்கள் குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாக நடப்பது இந்தப் பனிக்காலத்தில்தான். வெயிலுக்குப் பயந்து இரவிலும் அதிகாலையிலும் நடப்பவர்கள் அதிகம். முதுகுப் பையில் ஒட்டும் மின்னும் ஸ்டிக்கர் அவர்களைக் காப்பாற்றும். அது முதுகில் இருக்க வேண்டும், மேலே துண்டு போர்த்தக் கூடாது. எதிரே வரும் வண்டிக்குத் தெரிய நெஞ்சுப் பக்கமும் ஒன்று வேண்டும்.

வெயில் செய்யும் வேலை மெதுவானது. முதலில் சிவப்பு போகும். எச்சரிக்கை முக்கோணங்களின் சிவப்பு விளிம்பு பல இடங்களில் வெள்ளைத் தாளின் மேல் அச்சிட்ட மை. நாலைந்து கோடையில் அது வெளுத்து இளஞ்சிவப்பாகி, பிறகு வெறும் வெள்ளையாகும். அப்புறம் தாளே வெடிப்பு விடும், ஓரத்தில் உரியும், உள்ளே ஈரம் போய்க் கறுக்கும். மேல்தரத் தாளுக்குப் பொதுவாக 10 ஆண்டு உத்தரவாதம் தருகிறார்கள். பலகையின் பின்புறம் நிறுவிய மாதமும் ஆண்டும் எழுதியிருந்தால் யாரும் கேட்க முடியும். அடுத்த முறை பின்பக்கம் போய்ப் பாருங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்கு வருத்தம் தருவது அக்கறையோடு செய்யும் கெடுதல். வெளுத்துப்போன பலகையைப் பார்த்து யாரோ நல்ல மனசுக்காரர் எனாமல் பெயிண்ட் வாங்கிவந்து எழுத்துக்கு மேலேயே எழுதிவிடுவார். பகலில் புதுசு போல ஜொலிக்கும். கண்ணாடி மணியோ பிரிசமோ எல்லாம் அந்தப் பெயிண்டுக்கு அடியில் புதைந்துவிட்டன. இப்போது அது வெள்ளையடித்த மதில்.

எழுத்து விஷயத்தில் தமிழுக்கென்று ஒரு தனிக் கஷ்டம் உண்டு. ஆங்கிலத்தின் நேர்க்கோட்டு எழுத்துகளை வைத்து வந்த கணக்குப்படி, 10 சென்டிமீட்டர் உயர எழுத்தைச் சுமார் 40, 50 மீட்டர் தூரத்தில் படிக்கலாம். மணிக்கு 80 கிலோமீட்டரில் வண்டி நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. ஆக, படிப்பதற்கு இரண்டு நொடி. அதற்குள் 'கானாடுகாத்தான்' என்று படித்து, பிரேக்கில் கால் வைக்க வேண்டும். பொன்னமராவதிப் பக்கம் வேந்தன்பட்டி, வேகுப்பட்டி என்று இரண்டு ஊர் இருக்கிறது. 'வே'யில் தொடங்கி 'பட்டி'யில் முடிகிறது என்பது வரைதான் வேகத்தில் தெரியும். போதாததற்கு, மிகப் பிரகாசமான தாளில் தடித்த எழுத்துப் போட்டால் இரவில் வெளிச்சம் வழிந்து சுழிகள் அடைத்துக்கொள்ளும். புள்ளி காணாமல் போகும். 'ண'வும் 'ன'வும் ஒன்றாகும். பிரகாசம் கூடக்கூட நல்லது என்று நினைத்தால் தப்பு. எழுத்துக்குள் காற்றோட்டம் வேண்டும், அளவும் ஆங்கிலத்தைவிடச் சற்றுப் பெரிதாக வேண்டும். அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்கு இருபது வயதுக் கண்ணுக்குக் கிடைக்கும் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேர்கிறது என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். ஆச்சி சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை.

தரையில் போடும் கோடுகளிலும் இதே மணிகள்தான். சூடாக்கி உருக்கி 2.5 மில்லிமீட்டர் கனத்தில் போடும் வெள்ளைக் கோட்டின் மேல், அது இறுகும் முன் சதுர மீட்டருக்கு 250 கிராம் கண்ணாடி மணி தூவுவது முறை. தூவாமல் விட்டாலும் மறுநாள் காலை கோடு வெள்ளையாகத்தான் இருக்கும், பில்லும் பாஸ் ஆகிவிடும். ஐப்பசி மழையில் அந்தக் கோடுகள் மறைவது வேறு காரணத்தால். மணிகளின் மேல் தண்ணீர்ப் படலம் நின்றதும் ஒளி வளைவது மாறிப்போகிறது. அப்போது கைகொடுப்பவை தண்ணீருக்கு மேல் தலைநீட்டும் ரிப்ளெக்டர்கள். இவற்றின் முன்னோடிக்கு 1934இல் காப்புரிமை வாங்கியவர் இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் ஊர்க்காரர் பெர்சி ஷா. பூனைக்கண் என்றே அதற்குப் பெயர். அதில் எனக்குப் பிடித்தது மின்னுவது அல்ல. சக்கரம் ஏறும்போது ரப்பர் உறை அமுங்கி, கண்ணாடி உள்ளே போய், உறையில் தேங்கிய மழைநீரில் துடைத்துக்கொண்டு வெளியே வரும். தன் முகத்தைத் தானே கழுவிக்கொள்ளும் பொருள். நம் சாலையில் ஒட்டும் பிளாஸ்டிக், அலுமினிய வகைகளுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. கழுவ ஆள் வேண்டும்.

இதெல்லாம் பெரிய கருவி இல்லாமல் சோதிக்கக் கூடியதுதான். கையில் பிடித்து அளக்கும் மீட்டர் உண்டு, துறைக்காரர்கள் அதை வைத்திருக்கலாம். நமக்குச் செல்போன் போதும். இருட்டிய பிறகு பலகையிலிருந்து முப்பது, நாற்பது அடி தள்ளிப் பாதுகாப்பான ஓரத்தில் நின்று, டார்ச்சைப் போட்டுப் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில், கன்னத்தோடு ஒட்டிப் பிடியுங்கள். நல்ல தாள் திடீரென்று விழிக்கும். கையை மெல்ல இடுப்புக்கு இறக்குங்கள், அதே பலகை அணையும். கன்னத்தில் வைத்தும் விழிக்காத பலகை பகலில் எவ்வளவு அழகாக இருந்தாலும் மாற்ற வேண்டியது. எதிர் வண்டிக்கு டிம் அடிக்கும்போது இடப்பக்கம் சற்று மேலே ஏறும்படிதான் நம் நாட்டு விளக்குகள் அமைந்திருக்கின்றன. அதனால் இடது ஓரப் பலகைக்கு ஓரளவு வெளிச்சம் கிடைக்கும், தலைக்கு மேல் தொங்கும் பலகைக்குக் குறைவுதான். புகார் சொல்லக் கூப்பிட வேண்டிய எண், தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033, மற்றவற்றுக்கு முதல்வர் உதவி மையம் 1100. புகார் சொல்லும்போது இரவில் ஃபிளாஷ் போட்டு எடுத்த படமும் பக்கத்திலுள்ள கிலோமீட்டர் கல்லின் எண்ணும் இருந்தால் பேச்சு சுருங்கும்.

நாங்கள் தவறவிட்ட விலக்குக்கு ஒரு வாரம் கழித்து, இரவு எட்டு மணிக்கு அந்தத் தம்பியோடு போனேன். அது துறை வைத்தது அல்ல, ஊர்க்காரர்கள் வைத்த பலகை. போனைக் கன்னத்தில் வைத்து டார்ச் அடித்தேன். ஊர்ப் பெயரும் அம்புக்குறியும் பெயிண்ட், இருட்டாகவே நின்றன. அடியில் ஒரு வரி மட்டும் கண்ணைப் பறித்தது. 'உபயம்' என்று தொடங்கிக் கொடுத்தவர் பெயரும் அவர் கடையின் பெயரும். அதை மட்டும் ரேடியம் ஸ்டிக்கரில் வெட்டி ஒட்டியிருந்தார்கள். அன்றைக்கு மின்னியது விளம்பரம் மாதிரி இருந்தது என்று தம்பி சொன்னது சரிதான்.

காரைக்குடி ஸ்டிக்கர் கடையில் ஊர்ப் பெயரையும் அம்பையும் வெள்ளையில் வெட்டித் தரச் சொன்னோம். ஒட்டுவதற்கு வந்த பையன் கேட்டான், "அந்தக் கீழ் வரிய எடுத்துரவாண்ணே?" நாளைக்கும் அந்த ஊருக்குள் போய்வர வேண்டுமே என்று விட்டுவிட்டோம்.